பெட்ரோலைக் குடிப்பது காரா, காலா?

நம் குடியிருப்புகளில் யாராவது புதுக் கார் வாங்கி வந்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, தேங்காய் உடைத்துவிட்டு நிமிர்ந்தால், பக்கத்து வீட்டு மராட்டிய நண்பர் கேட்கும் முதல் கேள்வி, "காடி கிதி ஆவரேஜ் தேதே?" என்பதுதான். நாம் மைலேஜ் என்று சொல்வதை இந்தப் புனே நகரில் ஆவரேஜ் என்கிறார்கள். பெயர் எதுவானால் என்ன, கவலை ஒன்றுதான். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைச் சுற்றி நிற்கும்போது அந்தக் கவலை யாருக்குத்தான் இராது?

வேடிக்கை என்னவென்றால், ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வருஷத்து வண்டியை வைத்திருக்கும் இரண்டு பேர் ஒரே பதிலைச் சொல்வதில்லை. ஒருவர் பதினெட்டு என்பார். மற்றவர் பதின்மூன்று என்று சொல்லிவிட்டுக் கம்பெனிக்காரனைத் திட்டுவார். உடனே சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இறக்கத்தில் நியூட்ரலில் போடுங்கள், ஏ.சி.யைத் தொடாதீர்கள், பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டுங்கள், விலை உயர்ந்த பெட்ரோல் போடுங்கள் என்று பட்டியல் நீளும். இவற்றில் சில உண்மை, சில வெறும் நம்பிக்கை. ஒன்று உயிருக்கே ஆபத்து.

ரயில்வேயில் டீசல் என்ஜின்களோடு காலம் தள்ளியவன் நான். எந்த என்ஜின் எத்தனை லிட்டர் குடித்தது, அதற்கு எத்தனை வேலை செய்தது என்று கணக்குப் பார்ப்பது எங்கள் அன்றாடப் பிழைப்பு. அந்தக் கணக்கைக் காருக்குப் போட்டுப் பார்த்தால் என்ன வருகிறது என்பதை நம் சங்க அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டும் விதத்தால் பெட்ரோல் மிச்சமாகும். அதுவும் கணிசமாகவே மிச்சமாகும். ஆனால் மிச்சம் பிடிக்கும் இடம் பலர் நினைக்கும் இடத்தில் இல்லை.

ஒரு லிட்டர் எங்கே போகிறது?

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் ஒன்பது யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி இருக்கிறது. அதில் ஏறத்தாழக் கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும். மீதி முக்கால் பங்கு ரேடியேட்டர் சூடாகவும், சைலன்சர் புகையாகவும், உள்ளே உராய்வாகவும் போய்விடும். இதை டிரைவரால் பெரிதாக மாற்ற முடியாது. அது வண்டி செய்தவர்கள் பார்க்க வேண்டிய வேலை.

சக்கரத்துக்கு வந்து சேர்ந்த அந்தக் கால் பங்குக்கு மூன்று செலவுகள். ஒன்று டயர் உருள்வதற்கு. இரண்டாவது காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கு. மூன்றாவது, நின்ற வண்டியை ஓடும் வண்டியாக ஆக்குவதற்கு. இந்த மூன்றாவது செலவைத்தான் நாம் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் சூடாக மாற்றித் தெருவில் கொட்டுகிறோம். டிரைவரின் சாமர்த்தியம் முக்கியமாக இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் இருக்கிறது.

ஒரு பிரேக் இரண்டு ரூபாய்

ஆட்களோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் அது சுமந்துகொண்டிருக்கும் சக்தியைப் பள்ளிக்கூடச் சூத்திரத்திலேயே கணக்கிடலாம். அதை உண்டாக்க ஏறத்தாழ 20 மில்லி பெட்ரோல் எரிந்திருக்க வேண்டும். சிவப்பு விளக்குக்கு அருகே வந்து பிரேக்கை அழுத்தி நிறுத்தினால் அந்த 20 மில்லியும் போய்விட்டது. லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஒரு நிறுத்தத்துக்கு இரண்டு ரூபாய். ஐம்பது தடவை இப்படி நிறுத்தினால் ஒரு முழு லிட்டர். சிங்ககட் ரோட்டிலோ கர்வே ரோட்டிலோ மாலை வேளையில் ஓட்டுபவர்களுக்கு ஐம்பது தடவை என்பது பெரிய எண்ணிக்கையே அல்ல.

அதே கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நின்றிருந்தால் நஷ்டம் ஒன்பது மில்லிதான். வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் நஷ்டம் பாதிக்கும் கீழே போகிறது. இரண்டு சிக்னல்களுக்கு நடுவே 60-க்குப் பாய்ந்து, அடுத்த சிக்னலில் அழுத்தி நிறுத்துகிறவர் நம்மை முந்திக்கொண்டு போவார். அடுத்த சிவப்பு விளக்கில் நமக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். நேரத்தில் லாபம் இல்லை, பெட்ரோலில் நஷ்டம் உண்டு.

அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கும் இதையே காட்டுகிறது. பாய்ந்து போய் அழுத்திப் பிரேக் போடும் பழக்கத்தால் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதமும், நின்று நின்று போகும் நகரப் போக்குவரத்தில் 10 முதல் 40 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்கிறார்கள். வேறு எந்த ஒரு தனி வழியிலும் இத்தனை பெரிய வித்தியாசம் கிடைப்பதில்லை.

இதில் ரயிலிடமிருந்து கற்றுக்கொள்ள ஒரு பாடம் உண்டு. மும்பை லோக்கல் ரயிலில் போகிறவர்கள் கவனித்திருப்பார்கள். ஸ்டேஷன் வருவதற்கு வெகு முன்னாலேயே மோட்டார் சத்தம் அடங்கிவிடும். மோட்டார்மேன் பவரை மூடிவிட்டு வண்டியைத் தன்போக்கில் உருள விடுகிறார். கோஸ்டிங் என்பார்கள். கடைசியில்தான் பிரேக். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருள ஒரு டன்னுக்கு இரண்டு கிலோ அளவு இழுவிசை இருந்தால் போதும். தார்ச்சாலையில் ரப்பர் டயருக்கு அதே ஒரு டன்னுக்குப் பன்னிரண்டு கிலோ வேண்டும். ஆகவே ரயில் உருளும் தூரம் கார் உருளாது. ஆனாலும் வித்தை ஒன்றேதான். நூறு மீட்டர் முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். வண்டி கியரிலேயே இருக்கட்டும். மெல்ல மெல்ல நெருங்கும்போது பல நேரங்களில் விளக்கே பச்சையாகிவிடும். நிற்காமலே போய்விடலாம். இதற்கு வேண்டியது இரண்டு. முன்னால் இருக்கும் வண்டியின் பம்பரைப் பார்க்காமல் அதற்கும் முன்னால் பார்க்கும் கண். நடுவே போதிய இடைவெளி.

டில்லி மெட்ரோ பிரேக் போடும்போது வீணாகும் சக்தியை மின்சாரமாக மாற்றி மேலே கம்பிக்கே திருப்பி அனுப்புகிறது. ஹைப்ரிட் காரும் மின்சாரக் காரும் அதே போலத் தங்கள் பாட்டரிக்குள் ஒரு பகுதியைத் திருப்பிக்கொள்கின்றன. அந்த வசதி இல்லாத நம் சாதாரணக் காருக்கு, பிரேக்குக்கு வேலை வைக்காமல் ஓட்டுவதுதான் அதற்கு ஈடு.

கியர் விஷயம்

மெதுவாக வேகம் எடுப்பதா, சட்டென்று எடுப்பதா என்று ஒரு வாதம் உண்டு. மாட்டு வண்டி போல ஊர்ந்து வேகம் எடுக்க வேண்டியதில்லை. ஆக்ஸிலரேட்டரைப் பாதி அளவு அழுத்தி, என்ஜின் அலறும் முன்பே அடுத்த கியருக்குப் போய்விடுவதுதான் நல்லது. பெட்ரோல் காருக்குச் சுமார் 2000 சுற்றில் கியர் மாற்றினால் போதும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் போனாலும் ஐந்தாவதில் போனாலும் சாலை கேட்கும் வேலை ஒன்றுதான். ஆனால் மூன்றாவதில் என்ஜின் அதிகமாகச் சுற்றுகிறது, உள்ளே உராய்வு கூடுகிறது, பெட்ரோலும் கூடுகிறது. என்ஜின் திணறித் தடதடக்கும் அளவுக்கு மேல் கியரில் இழுக்க வைப்பதும் கூடாது. கிளட்ச் மீது காலை வைத்தபடியே ஓட்டுவதும் கூடாது.

வெளிநாடுகளில் சிலர் இந்த மிச்சம் பிடிக்கும் கலையை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். ஹைப்பர்மைலிங் என்று அதற்குப் பெயர். நியூ ஆக்ஸ்ஃபோர்ட் அமெரிக்க அகராதி 2008-ல் அந்தச் சொல்லை அவ்வாண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. வேகம் எடுத்து, பிறகு என்ஜினுக்கு வேலை வைக்காமல் உருளவிட்டு, மறுபடி வேகம் எடுப்பது அவர்களுடைய ஒரு முறை. பெரிய லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போய்க் காற்றின் எதிர்ப்பைத் தவிர்ப்பது இன்னொரு முறை. கணக்குப்படி இரண்டிலும் லாபம் உண்டு. ஆனால் முதல் முறையைப் பின்னால் வரும் பஸ்காரர் பொறுத்துக்கொள்ள மாட்டார். இரண்டாவதில், முன்னால் போகும் லாரி பிரேக் போட்டால் மிச்சம் பிடித்த பெட்ரோலைச் செலவழிக்க நாம் இருக்க மாட்டோம். இரண்டும் நமக்கு வேண்டாம்.

காற்றோடு மல்லுக்கட்டு

நெடுஞ்சாலையில் பிரேக் குறைவு. அங்கே எதிரி காற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஒரு நடுத்தரக் காருக்கு நான் போட்ட கணக்கு இது. டயர் உருளச் சுமார் 14 கிலோ இழுவிசை வேண்டும். இது வேகத்தோடு அதிகம் மாறாது. காற்றுக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் 8 கிலோ, 80-ல் 20 கிலோ, 100-ல் 31 கிலோ. மொத்தம் பார்த்தால் முறையே 22, 34, 45. எண்பதில் போகும் வண்டியை நூறுக்கு விரட்டினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மூன்றில் ஒரு பங்கு அதிகமாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பெட்ரோல் அதே விகிதத்தில் ஏறாவிட்டாலும் நன்றாகவே ஏறும்.

பெட்ரோலிய சேமிப்புக்காக 1978-ல் மத்திய அரசு அமைத்த பி.சி.ஆர்.ஏ. என்னும் அமைப்பு, மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 80-ல் ஓட்டுவதைவிட 40 சதவீதம் வரை கூடுதல் மைலேஜ் கிடைக்கும் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறது. மேலே சொன்ன இழுவிசைக் கணக்கோடு அது பொருந்துகிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் 1974-ல் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர் என்று வேக வரம்பு கொண்டுவந்ததும் இந்தக் காரணத்துக்காகத்தான். 1995-ல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள்.

எக்ஸ்பிரஸ்வேயில் ஐம்பதில் ஊர்ந்தால் பின்னால் வருபவர்களுக்கு ஆபத்து. நான் அப்படிச் சொல்லவில்லை. மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வே 94.5 கிலோமீட்டர். கார்களுக்கு வரம்பு 100, காட் பகுதியில் அதைவிடக் குறைவு. காட் பகுதியை விட்டுவிட்டு, சமவெளியில் 80 கிலோமீட்டர் தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நூறில் போனால் 48 நிமிஷம், எண்பதில் போனால் 60 நிமிஷம். பன்னிரண்டு நிமிஷம் தாமதம். ஃபுட் மாலில் ஒரு வடாபாவுக்கும் டீக்கும் க்யூவில் நிற்கும் நேரம் அது. அவசரம் இல்லாத நாளில் இடது பக்க வரிசையில் எண்பதில் போவது பர்ஸுக்கும் நல்லது, ரத்த அழுத்தத்துக்கும் நல்லது.

நியூட்ரல் என்னும் யமன்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இறக்கத்தில் நியூட்ரலில் போடுவது, அல்லது சாவியைத் திருப்பி என்ஜினையே அணைத்துவிடுவது. லாரி டிரைவர்களிலிருந்து ஸ்கூட்டர்காரர்கள் வரை இன்னும் பலரிடம் உள்ள பழக்கம் இது.

அம்பாசடர், பத்மினி காலத்தில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. கார்புரேட்டர் வண்டியில் காலை எடுத்தாலும், சக்கரம் என்ஜினைச் சுழற்றும் வரை, அது பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். நியூட்ரலில் போட்டால் உறிஞ்சுவது குறையும். ஆனால் 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் புகைக் கட்டுப்பாடு இறுகியபோது கார்புரேட்டர் விடைபெற்றது, இன்ஜெக்டர் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நாடெங்கும் வந்தபின் புது மோட்டார் சைக்கிள்களிலும் ஸ்கூட்டர்களிலும்கூடப் பெரும்பாலும் இன்ஜெக்டர்தான். இந்த வண்டிகளில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. வண்டி கியரில் இருந்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுத்து, என்ஜினும் போதிய வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் அது பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரமே என்ஜினைச் சுழற்றும். செலவு பூஜ்யம். நியூட்ரலில் போட்டாலோ என்ஜின் அணையாமல் இருக்க அது கொஞ்சம் பெட்ரோல் ஊற்றியே ஆகவேண்டும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்கிறோம்.

தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவர் இங்கே வாடகைக் கார் ஓட்டுகிறார். மும்பை விமான நிலையத்துக்கு அவரோடு ஒரு முறை போனபோது கண்டாலா இறக்கம் தொடங்கும் இடத்தில் அவர் கை கியரைத் தேடியது.

"தம்பி, கியர்லயே இருக்கட்டும். காலை மட்டும் எடுங்க" என்றேன்.

"இல்ல சார், நியூட்ரல்ல விட்டா கீழ போறதுக்குள்ள அரை லிட்டர் மிச்சம். எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க."

"உங்க மீட்டர்ல அந்த நேரத்து மைலேஜ் காட்டுதே, அதைக் கொஞ்சம் பாருங்க."

மூன்றாவது கியர், காலில் அழுத்தம் இல்லை. கோடு கடைசி எல்லைக்கு ஓடி நின்றது. பன்வேல் தாண்டி, முன்னும் பின்னும் வண்டி இல்லாத சமதளத்தில், காலை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் நியூட்ரலில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கோடு கடைசி எல்லையிலிருந்து கீழே இறங்கியது. மறுபடி கியர், மறுபடி கடைசி எல்லை. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இத்தனை வருஷம் காசும் கொடுத்து, உயிரையும் பணயம் வச்சிருக்கேனா சார்?" என்றார்.

அவர் சொன்ன அரை லிட்டர் கணக்கையும் பார்த்துவிடலாம். சிறிய கார் நின்ற நிலையில் ஒரு மணி நேரத்துக்கு அரை முதல் முக்கால் லிட்டர் குடிக்கும். இறக்கம் பத்து நிமிஷம் என்றால் நியூட்ரலில் சுமார் நூறு மில்லி செலவு. கியரில் இருந்தால் அதுவும் இல்லை. ஒன்று மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மிக லேசான சரிவில் நியூட்ரலில் வண்டி கூடுதல் தூரம் உருளும், அதில் ஒரு சிறு லாபம் இருக்கலாம். ஆனால் மலை இறக்கத்தில் எப்படியும் வேகத்தைக் கட்டுப்படுத்தியே ஆகவேண்டும். அங்கே லாபம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி ஆபத்துக்கு வருவோம். லோணாவளாவிலிருந்து கொபோலி வரை இறக்கம் 500 மீட்டருக்குக் குறையாது. 1200 கிலோ கார் அந்த உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் சக்தி, இருபது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். 25 டன் லாரி என்றால் நானூறு லிட்டருக்கு மேல். ஒரு பகுதியைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். கியரில் இருந்தால் என்ஜினும் ஒரு பெரும் பகுதியைத் தாங்கும். நியூட்ரலில் விட்டால் மீதி முழுவதும் பிரேக் தலையில்தான். பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறினால் பிடிப்பு போய்விடும். மிதித்தாலும் வண்டி நிற்காது. என்ஜினை அணைத்தவர் கதி இன்னும் மோசம். பவர் பிரேக்கின் உதவி இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். லாரியில் காற்றுக் கம்ப்ரஸர் நின்றுவிடும். ஸ்டியரிங் கல்லாகும். சாவியை இன்னும் பின்னுக்குத் திருப்பினால் சில வண்டிகளில் ஸ்டியரிங் பூட்டியே விடும்.

இது நமக்குத் தூரத்துச் செய்தியும் அல்ல. புது காத்ரஜ் சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரை வரும் நெடுஞ்சாலை இறக்கத்தை நம்மில் பாதிப் பேர் தினமும் பார்க்கிறோம். 2022 நவம்பர் 20 இரவு அங்கே ஒரு கனரக வண்டி கட்டுப்பாடு இழந்து இறங்கியதில் சுமார் 48 வண்டிகள் நொறுங்கின. டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் என்ஜினை அணைத்து வண்டியை உருளவிட்டதாக அப்போது செய்திகள் வந்தன.

ரயில்வே இந்த விஷயத்தில் எவ்வளவு பயந்து நடக்கிறது என்று பாருங்கள். இதே போர் காட்டில் தண்டவாளத்தின் சரிவு 37-க்கு 1. இறங்கும் ரயில் பிரேக் சோதனை செய்யாமல் கீழே போக முடியாது. பிரேக் பிடிக்காமல் ஓடும் வண்டியைத் திருப்பிவிட்டு நிறுத்துவதற்கென்றே மேல்நோக்கிப் போகும் காட்ச் சைடிங் என்னும் தனித் தண்டவாளங்கள் உண்டு. சாலையில் இறங்கும் நமக்கு அப்படி ஒரு சைடிங் கிடையாது. ஊட்டிக்குக் கல்லட்டி வழியே போனவர்கள் இரண்டாவது கியரில் வரச்சொல்லும் பலகைகளைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பலகை சொல்வதுதான் பாதுகாப்பும் சிக்கனமும்.

நிற்கும் வண்டி ஓடாத வண்டி

டபிள்யூ.டி.எம்.2 டீசல் என்ஜின் சும்மா நின்று உறுமிக்கொண்டிருந்தாலே மணிக்குச் சுமார் 25 லிட்டர் குடிக்கும். அதனால்தான் ரயில்வே பிற்காலத்தில் மணிக்கு மூன்று லிட்டர் அளவே குடிக்கும் ஒரு சிறு துணை என்ஜினை அந்தப் பெரிய என்ஜின்களில் பொருத்தியது. பெரியது நிற்கும்போது சிறியது வேலை பார்க்கும். கார் அளவு சிறிதானாலும் பாடம் அதேதான். பத்து வினாடிக்கு மேல் நிற்பதாக இருந்தால் அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்வதே சிக்கனம் என்று அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடம் கூறுகிறது. ஒவ்வொரு பத்து வினாடிக்கும் சாவியைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம். சிக்னலில் அரை நிமிஷத்துக்கு மேல் காட்டினால் அணைத்துவிடலாம். டில்லி அரசு 2020 அக்டோபரில் சிவப்பு விளக்கில் வண்டியை அணைக்கச் சொல்லி இயக்கமே நடத்தியது. பள்ளி வாசலில் பேரனுக்காகக் கால் மணி நேரம் என்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கும் தாத்தாக்களுக்கும் இது பொருந்தும்.

ஏ.சி. விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஏ.சி. பெட்ரோல் குடிப்பது நேரக் கணக்கில், கிலோமீட்டர் கணக்கில் அல்ல. நெரிசலில் ஒரு மணிக்குப் பத்து கிலோமீட்டர் நகரும்போது அந்தச் செலவு முழுவதும் பத்து கிலோமீட்டர் தலையில் விழும். நெடுஞ்சாலையில் அதே செலவு எண்பது கிலோமீட்டருக்குப் பங்கு போடப்படும். ஆகவே ஊருக்குள் காலை வேளையில் கண்ணாடியை இறக்கிக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டுக்கொண்டு நிம்மதியாகப் போங்கள்.

சில்லறை விஷயங்கள்

டயர் காற்று: கதவோரம் ஒட்டியிருக்கும் அளவை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பவுண்டு குறைந்தால் 0.2 சதவீதம் நஷ்டம் என்பது அமெரிக்கக் கணக்கு. பத்துப் பவுண்டு குறைந்தால் இரண்டு சதவீதம். டயர் தேய்வதும் வெடிக்கும் அபாயமும் தனி.

கூரைமேல் காரியர்: நெடுஞ்சாலையில் காற்றைப் பிடித்து இழுக்கும். தேவை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

ஏர் ஃபில்டர்: அடைத்தால் மைலேஜ் போகும் என்பது கார்புரேட்டர் காலத்து உண்மை. இன்ஜெக்‌ஷன் கார்களில் மைலேஜ் குறைவதில்லை, இழுவை மட்டும் குறைகிறது என்று 2009-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் சோதித்துச் சொன்னது. என்ஜின் நலனுக்காக மாற்றுங்கள்.

காந்தம், மாத்திரை, மாயக் கருவி: அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைப் பரிசீலித்தது. குறிப்பிடத்தக்க அளவு மைலேஜைக் கூட்டும் கருவி ஒன்றைக்கூட அது காணவில்லை. விலை உயர்ந்த பெட்ரோலும் கையேடு கேட்காத வண்டிக்கு வீண்.

எத்தனால்: இப்போது பம்பில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதற்கென்று தயாரிக்கப்படாத பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே சொன்னது. மெக்கானிக்கைத் திட்டுவதற்கு முன் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்களே பாருங்கள்

நான் சொல்வதை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். ஒரே பம்பில், பம்ப் தானாக நிற்கும் வரை டாங்கை நிரப்புங்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே பம்பில் அதே போல நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை பார்த்தது போதாது. நிரப்புவதில் ஒரு லிட்டர் முன்பின் ஆனாலே விடை மாறிவிடும். நான்கு முறை சேர்த்துப் பாருங்கள். பழைய பழக்கத்தில் நான்கு டாங்க், புதுப் பழக்கத்தில் நான்கு டாங்க். அதே வழித்தடம், அதே டயர் காற்று. அப்போதுதான் வித்தியாசம் காலால் வந்ததா, வேறு எதனாலாவது வந்ததா என்று தெரியும்.

மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டும் குடும்பம் லிட்டருக்கு 15-லிருந்து 17 ஆக்கினால் மிச்சம் எட்டு லிட்டர், அதாவது எண்ணூறு ரூபாய். பென்ஷன்காரருக்கு அது ஒரு மாதத்து மருந்துச் செலவில் ஒரு பங்கு. அந்தத் தென்காசித் தம்பி மாதம் ஐந்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர். அவருக்கு அது நாலாயிரம், ஊரில் படிக்கும் தங்கையின் கல்லூரிச் செலவுக்கு உதவும்.

சி.என்.ஜி. வண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். முன்னால் தூரம் பார்த்து ஓட்டுங்கள், எண்பதைத் தாண்டும்போது ஒரு முறை யோசியுங்கள், இறக்கத்தில் கியரை விடாதீர்கள். சங்க அன்பர்கள் யாராவது எட்டு டாங்க் கணக்கும் எழுதி வைத்தால், நம் அடுத்த குடும்ப விழாவில் கொண்டுவந்து காட்டுங்கள். சேர்ந்து உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்க்கலாம்.